பாட்டனார் எந்தப் படையில் இருந்தார்?
கம்பம் பள்ளத்தாக்கும் பெயர் தொலைந்த படைவீரர்களும்

பூட்டனார் பாளையத்துப் படையில் ஈட்டி பிடித்தவர். இல்லையென்றால் கும்பினி எனப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சிப்பாய். அதுவும் இல்லையென்றால் பெரியாற்று அணை கட்ட மலையேறிய கூட்டத்தில் ஒருவர். தேனியிலிருந்து தெற்கே குமுளி மலையடிவாரம் வரை நீளும் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த மூன்றில் ஒன்றைக் குலப்பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் ஏராளம். அதை மெய்ப்பிக்க முடியுமா, முடியும் என்றால் எந்த ஏட்டைக் கொண்டு என்பதுதான் கேள்வி.

கேள்வி புதியதல்ல. பாளையக்காரர்களின் வம்சாவளிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சியின் ஆட்கள் 200 ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்டார்கள். 1860களில் இனாம் (மானிய நில) அதிகாரிகள் வேறு நோக்கத்தோடு கேட்டார்கள்: இந்த நிலம் உன் பாட்டனுக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது? 1970களில் தேசிய நோக்குடைய வரலாற்றாசிரியர்கள் கேட்டார்கள். இன்று சாதிச் சங்கங்களும் குடும்ப வரலாறு எழுதுவோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு விடை இருந்தது. ஒவ்வொரு விடைக்கும் ஒரு தேவை இருந்தது.

சாதாரணப் படைவீரனின் பெயர் போரைப் பற்றிய ஏடுகளில் கிடைப்பது அரிது. பணமோ நிலமோ கைமாறிய ஏடுகளில் கிடைக்கும் வாய்ப்பு அதைவிடக் கூடுதல். இக்கட்டுரை இந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் இந்தப் பொது விதிக்கும் ஓட்டைகள் உண்டு.

எல்லைப் பள்ளத்தாக்கு

மேற்கே திருவிதாங்கூர், வடக்கே திண்டுக்கல், கிழக்கே வருசநாட்டு மலை. 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பள்ளத்தாக்கு பல அதிகாரங்களின் விளிம்பாக இருந்தது. மதுரை நாயக்கர் காலப் பாளையங்கள் இங்கே நெருக்கமாக அமைந்திருந்தன: போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, எரசக்கநாயக்கனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், கிழக்கே கண்டமனூர், வடக்கே பெரியகுளம் வடகரை. 72 பாளையங்களுக்கும் மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் முடிச்சுப் போடும் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த எண்ணிக்கையை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நிலம் பெற்றவர் படை தர வேண்டும் என்ற ஏற்பாடு மெய்யானது.

இப்பகுதிக்கெல்லாம் தலைக்கோட்டை திண்டுக்கல் மலைக்கோட்டை. 1755-இல் ஹைதர் அலி அங்கே மைசூரின் பௌஜ்தாராக (படை அதிகாரியாக) வந்தார். 1767-இல் கும்பினிப் படை கோட்டையைப் பிடித்து அடுத்த ஆண்டே இழந்தது. 1783-இல் மீண்டும் பிடித்தது, 1784 மங்களூர் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தது. 1790-இல் மூன்றாவது முறையாகப் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு திண்டுக்கல் சீமை நிரந்தரமாகக் கும்பினியின் கைக்கு வந்தது. நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரே கோட்டை இத்தனை முறை கைமாறியது என்றால், அதே ஆளோ அவன் மகனோ இரண்டு மூன்று எசமானர்களிடம் சம்பளம் வாங்கியிருக்கலாம். ‘எந்தப் படை’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை எதிர்பார்ப்பதே பிழையாக இருக்கலாம்.

தேடுபவர் முதலில் சரிசெய்து கொள்ள வேண்டியது ஊர்ப் பெயர். தேனி மாவட்டம் 1996-இல் மதுரையிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. பழைய ஏடுகளில் தேனி என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அல்லிநகரம் என்றும், பெரியகுளம் தாலுகா என்றும், மதுரை ஜில்லா என்றும், அதற்கு முன் திண்டுக்கல் சீமை என்றும் தேட வேண்டும். அடுத்த குழி இதைவிட ஆழமானது. ஆங்கில ஏடுகளில் ‘கம்பம்’ என்று எழுதப்பட்டிருப்பது ஆந்திரத்தில் பெரிய ஏரிக்குப் பேர்போன கம்பமாகவும் இருக்கலாம். ‘கூடலூர்’ நீலகிரிக் கூடலூராகவும் இருக்கலாம். மதராஸ் படையில் தெலுங்கு நாட்டார் பெருந்தொகையாக இருந்ததால், ‘கம்பம் ஊர்ச் சிப்பாய்’ என்று ஒரு பதிவைக் கண்டதும் பூரித்துப் போவது நல்லதல்ல.

வம்சாவளி சொல்வதும் சொல்லாததும்

மிகப் பழைய விடை வம்சாவளியில் இருக்கிறது. மெக்கன்சி சேகரிப்பின் தென்னாட்டுச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. பாளையக்காரர் வரலாறுகளுக்கு ஓர் அச்சு உண்டு. வடக்கே துருக்க அரசர் பெண் கேட்கிறார், குலம் இரவோடு இரவாகத் தெற்கே கிளம்புகிறது, ஆற்றங்கரைப் புங்கமரம் வளைந்து வழிவிடுகிறது. இது கம்பளத்து நாயக்கர் மரபின் கதை. பிறகு மூதாதை ஒருவர் காட்டு விலங்கையோ கலகக்காரரையோ அடக்கி, மதுரை அரசரிடம் பட்டமும் நிலமும் பெறுகிறார். 1868-இல் மதுரை நாட்டுக் கையேட்டை எழுதிய ஜே. எச். நெல்சன் இத்தகைய கதைகளை ஐயத்தோடுதான் பயன்படுத்தினார். 1906-இல் மதுரை கெசட்டியரை எழுதிய டபிள்யூ. பிரான்சிஸும் ஏறத்தாழ அதே வழி.

1987-இல் நிக்கலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையை முன்வைத்து எழுதிய நூல் இந்தப் பார்வையைத் திருப்பிப் போட்டது. வம்சாவளியை மெய்யா பொய்யா என்று நிறுப்பதைவிட, அரசனுக்கும் படைத்தலைவனுக்கும் இடையே எப்படிப்பட்ட உறவு இருந்ததாக அது கருதுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அவர். நிலம், பட்டம், விருது ஆகியவை சேவைக்கான கூலியாக மட்டும் இருக்கவில்லை, ஆட்சியில் பங்காகவும் இருந்தன என்பது அவர் வாதத்தின் சாரம். இது அரசியலைப் புரிந்துகொள்ள உதவும். தன் பூட்டனைத் தேடுபவருக்கு அவ்வளவாக உதவாது.

காரணம் எளிது. வம்சாவளி தலைவனுடையது. அவன் பின்னால் ஈட்டியும் வளரியும் ஏந்தி நடந்தவர்களின் பெயர் அதில் இல்லை. பறை அடித்தவர், மூட்டை சுமந்தவர், குதிரைக்குப் புல் வெட்டியவர் என்று பாளையப் படையின் அடித்தட்டு முழுவதும் விடுபட்டுப் போகிறது. இன்று குலப்பெருமை பேசுவோரின் நூல்களில் சில சமூகங்கள் மட்டும் ‘படை மரபினர்’ ஆக நிற்பதற்கு இந்த விடுபாடும் ஒரு காரணம். உத்தமபாளையம், கம்பம் பகுதி ராவுத்தர் குடும்பங்களின் குதிரைப்படை மரபும், மதராஸ் படையில் கணிசமாக இருந்த பறையர் சமூகத்தினரின் பங்கும் வம்சாவளிகளைக் கொண்டு எழுதும் வரலாற்றில் கால் ஊன்ற இடமில்லாமல் போகின்றன.

புரட்சிப் படையா, சம்பளப் படையா

கே. ராஜய்யன் 1971-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றிய நூல் 1800-1801 போராட்டத்தை முதல் விடுதலைப் போர் என்றே அழைத்தது. விருப்பாட்சி கோபால நாயக்கரின் தலைமையில் திண்டுக்கல் வட்டாரப் பாளையங்கள் சேர்ந்த கூட்டணி அதில் முக்கிய இடம் பெற்றது. மருது சகோதரர்களும் கட்டபொம்மன் மரபினரும் அறியப்பட்ட அளவுக்கு அறியப்படாமல் இருந்த திண்டுக்கல் சீமைக்கு அந்நூல் பெரிய மதிப்பை ஏற்படுத்தியது. ஆவணக் காப்பகத்தில் ஆழ உழுது எழுதிய நூல் என்பதை மறுப்பாரில்லை.

சிக்கல் அதன் பின்விளைவில். பாளையத்தில் இருந்த ஒவ்வொரு முன்னோரும் வெள்ளையரை எதிர்த்தவராகவே இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் குடும்பக் கதைகளுக்குள் புகுந்தது. ஆனால் 1801-இல் கும்பினியின் பக்கம் நின்ற பாளையக்காரர்களும் உண்டு, ஒதுங்கி நின்றவர்களும் உண்டு. எதிர்த்தவர்களை அடக்க வந்த படையிலும் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்களே. யூசுப் கானின் கதையே இதற்குப் போதும். கும்பினியின் சிப்பாய்ப் படைத்தலைவராக மதுரைச் சீமைக்கு வந்து, பாளையக்காரர்களை அடக்கி, பிறகு கும்பினியையே எதிர்த்து 1764-இல் தூக்கில் தொங்கினார். அவர் கீழ் இருந்தவர்கள் எந்தப் பக்கத்தினர்?

வட இந்தியாவை வைத்து டிர்க் கோல்ஃப் 1990-இல் எழுதிய ஆய்வு இங்கே துணைக்கு வருகிறது. உழவரே பருவத்துக்கு ஆயுதம் ஏந்தினர், சம்பளம் தருபவரிடம் சேர்ந்தனர், வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர் என்ற ‘படைக்கூலிச் சந்தை’ச் சித்திரத்தை அவர் வரைந்தார். கம்பம் பள்ளத்தாக்குக்கு இதை அப்படியே பொருத்துவது சரியாகாது. இங்கே நிலமும் கோயில் மரியாதையும் ஆளை ஊரோடு கட்டிப்போட்டன. இருந்தாலும் தியாகி, துரோகி என்ற இரண்டே பெட்டிகளில் முன்னோரை அடைக்கும் பழக்கத்துக்கு இது நல்ல மாற்று மருந்து. முன்னோர் கும்பினிப் பட்டாளத்தில் இருந்ததாகத் தெரிய வந்தால் சில குடும்பங்கள் அதைச் சொல்லத் தயங்குவதும், அணைக்கட்டு வேலை என்றால் உரக்கச் சொல்வதும் இந்தப் பெட்டிகளின் வேலைதான்.

கும்பினி ஏடுகளில் யார் பெயர்

மதராஸ் படையின் வரலாற்றை டபிள்யூ. ஜே. வில்சன் 1880களில் பல தொகுதிகளாக எழுதினார். எந்தப் பட்டாளம் எந்த நாளில் எந்தக் கோட்டையைத் தாக்கியது என்பதற்கு இன்றும் அதுவே கைநூல். படித்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ஐரோப்பிய அதிகாரி பெயரோடு சாகிறார். சுபேதாரும் ஜமேதாரும் சில இடங்களில் பெயர் பெறுகிறார்கள். சிப்பாய் எண்ணிக்கையாக நின்றுவிடுகிறார்.

காப்பகங்களிலும் இதே நிலைதான். சென்னை எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இராணுவ நடவடிக்கைக் குறிப்புகளும், வருவாய் வாரிய நடவடிக்கைகளும், மதுரை மாவட்டப் பழம் பதிவுகளும் உள்ளன. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் மதராஸ் படையின் ஐரோப்பியர் பெயர்ப்பட்டியல்கள் ஆண்டுவாரியாகக் கிடைக்கின்றன. இந்தியச் சிப்பாய்களின் தனிப்பட்ட பதிவுகளை அந்தந்தப் பட்டாளமே வைத்திருந்தது. பட்டாளங்கள் கலைந்தபோதும் ஒன்றோடொன்று இணைந்தபோதும் அவற்றில் பெரும்பகுதி தொடர்ச்சியாகக் காப்பகத்துக்கு வந்து சேரவில்லை.

பதக்கங்கள் கைகொடுக்குமா? 1799 ஸ்ரீரங்கப்பட்டணப் போருக்காகக் கும்பினி அடித்த பதக்கம் இந்தியச் சிப்பாய்களுக்கும் வழங்கப்பட்டது. அதில் பெயர் பொறிக்கப்படவில்லை. ஒரு வீட்டுப் பெட்டியில் அது கிடைத்தாலும், அதை முதலில் அணிந்தவர் யாரென்று பதக்கம் சொல்லாது. அடகுக் கடை வழியாகக்கூட வந்திருக்கலாம். முதல் உலகப் போர்ப் பதக்கம் வேறு வகை. அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், பட்டாளம் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். சிப்பாய்க்கு வெள்ளி, சுமைக்கூலி போன்ற பின்பணியாளர்க்கு வெண்கலம். ஆகவே பழம் பதக்கம் வைத்திருப்பவர் ராஜா தலையைப் பார்ப்பதைவிட ஒரு பூதக்கண்ணாடியோடு விளிம்பைப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவின் 18ஆம் நூற்றாண்டு எல்லைக் கோட்டைகளில் இருந்தவர்களைத் தேடும் அந்நாட்டுக் குடும்பங்களின் அனுபவத்தோடு ஒப்பிடலாம். 1750களின் வர்ஜீனியாப் படைக்கு ஆளின் வயது, உயரம், தொழில், பிறந்த இடம் குறித்த பட்டியல்களே மிஞ்சியிருக்கின்றன. அவை இல்லாத இடங்களில் தேடுவோர் நிலப் பதிவுகளுக்குப் போகிறார்கள். 1763 அரச அறிவிப்பு அங்கே போரிட்டு விடுபட்ட சாதாரணப் படைவீரனுக்கு 50 ஏக்கர் நிலம் தருவதாகச் சொன்னது. நிலம் கேட்டவன் தன் சேவையைச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னது எழுதப்பட்டது. போர் மறந்த பெயரை நிலம் காத்தது. நம் ஊரிலும் அப்படி ஓர் ஏடு உண்டு.

இனாம் பதிவேடு: அதிகம் புரட்டப்படாத பக்கங்கள்

பாளையத்து ஆட்களில் பலருக்குச் சம்பளம் பணமாகத் தரப்படவில்லை. வரியில்லாத அல்லது குறைந்த வரியுள்ள நிலமாகத் தரப்பட்டது. அமரம், கட்டுப்படி என்றெல்லாம் தென் மாவட்டங்களில் வழங்கிய மானியங்கள் இந்த வகை. கும்பினி ஆட்சிக்குப் படையாட்களாக அவர்கள் தேவைப்படவில்லை. நிலமோ அவர்கள் கையில் இருந்தது. இந்த முரணைத் தீர்க்க 1858-இல் மதராஸ் மாகாணத்தில் இனாம் ஆணையம் அமைக்கப்பட்டது. ஜி. என். டெய்லர் அதன் முதல் ஆணையர். மானியம் வைத்திருந்தவர்களை அழைத்து விசாரித்து, சேவைக் கடமையிலிருந்து நிலத்தை விடுவித்து, சிறு தீர்வை விதித்துப் பட்டயம் கொடுத்தார்கள்.

அந்த விசாரணையின் விளைவுதான் இனாம் பதிவேடு. ஒரு பதிவைக் கிட்டத்தில் பார்த்தால் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது தெரியும். ஊர், நிலத்தின் அளவு, மானியத்தின் வகை, யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது, முதலில் பெற்றவர் பெயர், பழைய கணக்குகளில் பதிந்திருந்த பெயர், விசாரணை நாளில் வைத்திருப்பவரின் பெயரும் வயதும், அவருக்கும் முதலில் பெற்றவருக்கும் என்ன உறவு, கடைசியில் அதிகாரியின் முடிவு. மூன்று நான்கு தலைமுறைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. கொடுத்த காரணம் ‘பாளையக்காரருக்குச் சேவகம்’ என்று இருந்தால், தேடுபவர் கையில் கிடைத்திருப்பது வம்சாவளியும் வில்சனும் தராத ஒன்று: ஊரும் உறவும் சேர்ந்த ஒரு பெயர். ஆண்டுகள் பசலியில் இருக்கும். 590-ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும்.

இதன் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். முதலாவது, பதிவேட்டில் உள்ள சொற்கள் நிலத்தைக் காப்பாற்ற வந்தவரின் சொற்கள். மானியம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பாதுகாப்பு என்பதை அவர் அறிவார். திருமலை நாயக்கர் கொடுத்தது என்று சொல்வதால் லாபம் இருந்தது. விசாரித்த அதிகாரிகளே பல இடங்களில் ஐயப்பட்டிருக்கிறார்கள். இரண்டாவது, ஆணையத்தின் வீச்சு எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. அரசு நேரடியாக வரி வசூலித்த ஊர்களில் மானியங்கள் முழுமையாக விசாரிக்கப்பட்டன. போடி, கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் போன்ற ஜமீன்களில், ஜமீன் சட்டப்படி அமைந்த பிறகு ஜமீன்தார் தாமே கொடுத்த மானியங்கள் ஆணையத்தின் பார்வைக்கு வரவில்லை. அவை ஜமீன் கணக்குகளில் இருந்திருக்கும். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தபோது அரசு வாங்கிக்கொண்ட கணக்குகள் எவை, அரண்மனைகளிலேயே தங்கியவை எவை என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். மூன்றாவது, நிலமே பெறாதவன் இந்த ஏட்டிலும் இல்லை.

ஆக, இனாம் பதிவேடு வம்சாவளிக்கு ஒரு படி கீழே இறங்குகிறது. அடித்தட்டு வரை இறங்குவதில்லை.

காவலும் கைரேகையும்

பாளையப் படைச் சேவையில் பெரும்பங்கு போர் அல்ல, காவல். ஊர்க் காவல், வழிக் காவல், களக் காவல். களவு போனால் பொருளை மீட்டுத் தருவது அல்லது ஈடு கொடுப்பது, அதற்கு அறுவடையில் ஒரு பங்கு பெறுவது என்ற ஏற்பாட்டைக் கும்பினி படிப்படியாகக் கலைத்தது. 1816 ஒழுங்குவிதிகள் தலையாரி முதலிய ஊர்ப் பணியாளர்களைக் கலெக்டரின் கீழ்க் கொண்டுவந்தன. நேற்றுவரை காவல்காரனாக இருந்தவன் இன்று குற்றம் சாட்டப்படுபவன் ஆனான். 1896-இல் திண்டுக்கல், பழனி, பெரியகுளம் பகுதிகளில் கள்ளர் காவலை எதிர்த்து உழவர்கள் நடத்திய கிளர்ச்சியும், 1911 குற்றப் பழங்குடிச் சட்டம் சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் மீது பாய்ந்ததும், 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடும் இதே கதையின் அடுத்தடுத்த அத்தியாயங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் கள்ளர் வாழ்வை முன்வைத்து ஆனந்த் பாண்டியன் 2009-இல் வெளியிட்ட நூல், காவலிலிருந்து களவுப் பட்டத்துக்கும் அங்கிருந்து உழவுக்கும் சென்ற நெடும் பயணத்தை விவரிக்கிறது.

குடும்ப வரலாற்றுக்கு இதில் கசப்பான ஒரு பயன் உண்டு. சேவை செய்தவனின் பெயரை எழுதாத அரசு, சந்தேகப்பட்டவனின் பெயரை எழுதியது. தகப்பன் பெயர், ஊர், கைரேகை என்று எல்லாவற்றையும் எழுதியது. குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ் எழுந்த பதிவேடுகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளும் ஒரு தலைமுறையின் பெயர்களை மொத்தமாகச் சுமக்கின்றன. அவற்றைத் திறக்கும்போது கவனம் வேண்டும். பட்டியலில் இருப்பது குற்றத்துக்குச் சான்றாகாது. பிறப்பே காரணமாகப் பதிவானவர்கள் அவர்கள்.

பெரியாறு: பெயர்களுக்குப் பதில் ஓர் எண்

இப்பகுதியில் இன்று மிகவும் உயிரோடு இருக்கும் முன்னோர் நினைவு பாளையத்துடையது அல்ல, பெரியாற்று அணையுடையது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. 1887-இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். பொறியாளர் ஜான் பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15-இல் அவர் பிறந்த நாளுக்கு ஊர்கள் பொங்கல் வைக்கின்றன.

அணை வேலையில் படைச்சேவையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மதராஸ் பயனியர் படையின் 1ஆம், 4ஆம் பட்டாளங்கள் அங்கே வேலை செய்தன. துப்பாக்கியோடு மண்வெட்டியும் கோடரியும் ஏந்தி வழி வெட்டுவது, பாலம் போடுவது பயனியரின் தொழில். அவர்களோடு கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசிய வழித் தச்சர்களும், சமவெளி ஊர்களிலிருந்து மலையேறிய கூலிகளும் இருந்தார்கள். ‘அணைக்குப் பட்டாளத்தோடு போனார்’ என்ற குடும்பக் கதையில் மூன்று வகை ஆட்கள் கலந்திருக்கலாம்: படையில் பதிந்த பயனியர், பொதுப்பணித்துறையின் நாட்கூலி, ஒப்பந்தக்காரரின் ஆள். பயனியர் என்றால் பட்டாள வழியில் தேட வேண்டும். மற்ற இருவருக்கும் அந்த வழி அடைபட்டது.

இத்திட்டத்தின் வரலாற்றை ஏ. டி. மெக்கன்சி 1899-இல் எழுதினார். பொறியியல் விவரமும் தொழிலாளர் தட்டுப்பாடும் காய்ச்சலும் அதில் உண்டு. ஆட்களின் பெயர்களை அதில் தேடுவது வீண். நோயில் இறந்து அணையருகே புதைக்கப்பட்டோர் 483 பேர் என்ற எண் பரவலாக வழங்குகிறது. எண் வழங்குகிறது, பெயர்கள் வழங்கவில்லை. பென்னிகுவிக் தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதையும் அதே அளவு பரவலானது. அரசுச் செலவில் நடந்த வேலை என்பதே திட்ட ஆவணங்கள் தரும் சித்திரம். நன்றியுணர்ச்சியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெரிய பெயரைச் சுற்றி நினைவு திரளும்போது, அதே மண்ணில் புதைந்த கூலியின் பெயரைக் கேட்க ஆளில்லாமல் போகிறது.

அணை திறந்த அதே 1895-இல் மதராஸ், பம்பாய், வங்காளப் படைகள் ஒரே இந்தியப் படையாக இணைந்தன. அதற்கு முன்பே, 1880களில், மதராஸ் படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸ் தென்னாட்டாரைப் போருக்கு ஏற்றவர்களாக மதிக்கவில்லை. ‘போர்ச்சாதி’க் கொள்கை மேலோங்கத் தெற்கில் ஆள்சேர்ப்பு சுருங்கியது. 1ஆம் பயனியர் பின்னர் 61ஆம் பயனியர் என்ற பெயரில் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது. 1933-இல் மதராஸ் பயனியர் படை கலைக்கப்பட்டது. அணை கட்டிய பட்டாளத்தின் வாரிசுப் பட்டாளம் இன்று இல்லாததும் தேடலின் தடைகளில் ஒன்று.

உலகப் போர்கள்

இங்கே நிலைமை சற்றே மேல். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இறந்த இந்தியர் பலரின் தகப்பன் பெயர், ஊர், தாலுகா, ஜில்லா கிடைக்கின்றன. ஆனால் ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்து, சிப்பாய்களைப் பட்டாளவாரியாக எண்ணிக்கையாக மட்டும் குறித்தார்கள். இத்தகைய வேற்றுமைகளை அந்த ஆணையமே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. தமிழகத்தின் சில ஊர்களில் உள்ள பெரும்போர் நினைவுக் கற்களும் இவ்வூரிலிருந்து போனவர் இத்தனை பேர், உயிர் தந்தவர் இத்தனை பேர் என்று எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றன. லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த பஞ்சாப் ஆள்சேர்ப்புப் பதிவேடுகளில் 3,20,000 பேரின் விவரம் இருப்பது 2021-இல் வெளியே வந்தது. மதராஸ் மாகாணத்துக்கு அதற்கு இணையான தொகுதி வெளிவரவில்லை.

திரும்பி வந்தவரைத் தேடுவது செத்தவரைத் தேடுவதைவிடக் கடினம். இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்கள் தியாகி ஓய்வூதியம் கேட்டிருந்தால், சிறைச் சான்றிதழும் உடனிருந்தவர் சான்றிதழும் உள்ள கோப்பு ஒன்று இருக்கும். இதுவும் பணத்தால் பிறந்த ஏடுதான்.

கல்லில் ஒரு பெயர்

ஏடுகள் கைவிடும் இடத்தில் கல்லையும் சாமியையும் நாடுவோர் உண்டு. போரில் பட்டவனைப் பட்டவன்சாமியாகக் கும்பிடும் குடும்பங்களும், கம்பளத்தாரின் மாலைக்கோயில் என்னும் முன்னோர் கோயில்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. வாளோ துப்பாக்கியோ ஏந்திய வீரன், பக்கத்தில் மனைவி என்ற உருவங்கள் பெரும்பாலும் எழுத்தில்லாதவை. ஆயுதத்தையும் கொண்டையையும் உடையையும் வைத்து நூற்றாண்டை ஊகிக்கலாம். பெயரை ஊகிக்க முடியாது. குலசாமியின் பெயர் பாட்டனின் பெயரா, பாட்டனுக்குக் குலசாமியின் பெயரை வைத்தார்களா என்பதும் தீராத கேள்வி.

இதில் ஒரு விந்தை. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்த அந்தவன் என்பவனின் கல். அதன் காலம் கிறித்துவுக்கு முன் என்பதில் ஆய்வாளர் பலர் உடன்படுகிறார்கள். எந்த நூற்றாண்டு என்பதிலும், அந்தக் கூடலூர் இந்தப் பள்ளத்தாக்கின் கூடலூர்தானா என்பதிலும் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. 2,000 ஆண்டுகளுக்கு முன் மாடு பிடிக்கும் சண்டையில் செத்தவனின் பெயர் நமக்குத் தெரிகிறது. 1790-இல் திண்டுக்கல் கோட்டை மதிலடியில் செத்த சிப்பாயின் பெயர் தெரியவில்லை.

இன்னும் தீராதவை

இருக்கும் சான்றுகளைக் கொண்டு சில மதிப்பீடுகள் செய்யலாம். பாளையக்காரர் குடும்பத்துக்கும் அதன் நெருங்கிய உறவினருக்கும் 18ஆம் நூற்றாண்டு வரை ஓரளவு நம்பகமான தொடர்ச்சி கிடைக்கும். மானிய நிலம் பெற்ற சேவகர் குடும்பங்களுக்கு 1860-இலிருந்து பின்னோக்கி மூன்று நான்கு தலைமுறை கிடைக்கக்கூடும். 1858-க்கு முந்தைய சாதாரணச் சிப்பாயை இந்தப் பள்ளத்தாக்கின் ஒரு குறிப்பிட்ட வீட்டோடு இணைப்பது, புதிய ஏடுகள் வெளிவராதவரை, பெரும்பாலும் இயலாது. கிறித்தவக் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வாய்ப்பு: இராயப்பன்பட்டி போன்ற பழைய பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள்.

திறந்திருக்கும் கேள்விகள் மூன்று. ஜமீன் கணக்குச் சுவடிகளில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? பயனியர் பட்டாளங்களின் பெயர்ப்பட்டியல்கள் வெலிங்டன் மதராஸ் படைமையத்திலோ வேறு இராணுவக் காப்பகத்திலோ எந்த அளவுக்கு உள்ளன? குற்றப் பழங்குடிப் பதிவேடுகளை, அவற்றில் பெயர் உள்ளோரின் வாரிசுகளுக்கு இழிவு நேராத வகையில், ஆய்வுக்குத் திறப்பது எப்படி? முதலிரண்டுக்கும் விடை தேட ஆள் வேண்டும்; மூன்றாவதுக்கு அந்தச் சமூகத்தின் ஒப்புதல் வேண்டும்.

இதற்கிடையில் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பரணிலோ தகரப் பெட்டியிலோ இனாம் பட்டயம், பசலி போட்ட ரசீது, பெயர் பொறித்த பதக்கம், ஓய்வூதியப் புத்தகம் எது இருந்தாலும், லேமினேட் செய்யாமல், பசை ஒட்டாமல், இரு பக்கமும் படமெடுத்து, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதி வையுங்கள். படத்தின் ஒரு பிரதியை மாவட்டத்திலுள்ள ஏதாவது ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறைக்குக் கொடுத்துவிடுங்கள்.